திறக்குமுன் தெரிந்துகொள்ளும் உரிமை

கைப்பேசிக்கு வந்த ஏதோ ஒரு கோப்பைத் தொட்டுத் திறந்ததன் பயனாக வங்கிக் கணக்கிலிருந்த சேமிப்பையெல்லாம் பறிகொடுத்தவர்களைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் இடையறாது வந்துகொண்டிருக்கின்றன, அவற்றைப் படிக்கும் நம்மில் பலரும், "இவ்வளவு படித்தவர் இப்படி ஏமாறலாமா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஏமாந்தவருடைய அவிவேகமே அனர்த்தம் அனைத்துக்கும் காரணம் என்ற இந்தத் தீர்ப்பு எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. தம் முன்னே வந்திருக்கும் கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது, திறந்தால் அது வெறுமனே படிக்கக் கிடைக்குமா அல்லது தானே இயங்கத் தொடங்குமா என்ற இரண்டு விஷயங்களையும் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அப்படித் தெரிந்துகொள்ளும் மார்க்கத்தைக் கணினியைச் செய்தவர்களே மூடி வைத்திருக்க, தெரியாமல் திறந்தவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, மருந்துப் புட்டியின் மேலிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குடித்தவனைக் கோபிப்பதற்கு ஒப்பாகும்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பும் வழக்கம் இப்போது எல்லாக் குடும்பங்களிலும் வந்துவிட்டது. தூரத்து உறவினருக்கு அதுவே சௌகரியம் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. இந்த வழக்கத்தையே வாய்ப்பாக்கிக்கொண்டு, அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்புகளை அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டத்தாரைக் குறித்து நம் நாட்டின் பல மாநிலக் காவல்துறையினரும் சமீப ஆண்டுகளில் எச்சரித்து வருகிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான செயலிகளைக் கட்டி அனுப்பும் பொதிக்கே ஏபிகே என்று பெயர். அதைத் தொட்டவுடன், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவலாமா என்று கைப்பேசி ஒரு முறை கேட்கிறது. சம்மதித்தால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வேண்டும் என்று அந்தச் செயலி கேட்கிறது. அதற்கும் சம்மதித்துவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்கள் நம் கண்ணில் படுவதற்கு முன்பே எங்கோ இருக்கும் ஒருவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. முன்பே பாதிக்கப்பட்ட ஒருவருடைய எண்ணிலிருந்தே அந்தச் செய்தி வரக்கூடுமாகையால், அனுப்பியவர் தெரிந்தவர்தானே என்ற ஆறுதலும் பயன்படுவதில்லை. போக்குவரத்து அபராதச் சீட்டு, விவசாயிகளுக்கான உதவித்தொகைப் பட்டியல், வங்கியின் கேஒய்சி படிவம், மின்கட்டண பாக்கி என்று வேஷம் மாறி மாறி வந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றேதான்.

இத்தனை நுட்பத்துக்கும் எதிராகச் சாதாரண ஜனங்கள் கைக்கொள்ளக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. புகைப்படமோ, வீடியோவோ, பிடிஎஃப்போ எதுவானாலும், திறப்பதற்காகத் தன்னை 'இன்ஸ்டால்' செய்யும்படி அது ஒருபோதும் கேட்காது. பத்திரிகை என்று வந்தது அந்த வார்த்தையைக் கேட்ட கணமே அது பத்திரிகை அல்ல என்பது நிச்சயமாகிவிடுகிறது; அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, அனுப்பியவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டால் அபாயம் நீங்கிற்று. நிறுத்தத் தவறியவர்கள் கைப்பேசியின் இணையத் தொடர்பை உடனே துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் பேசவேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போவதற்குள் தடுத்து நிறுத்துவதற்காகவே அந்த எண் ஏற்பட்டிருக்கிறது. வீட்டில் திட்டுவார்களே என்ற வெட்கத்தினால் வயதானவர்கள் இரவு முழுவதும் வாய்திறவாமல் இருந்துவிடுவதுண்டு என்பதால், வீட்டிலுள்ள இளையவர்கள் கோபத்தை அடக்கிக்கொண்டு முதலில் அந்த எண்ணை அழைப்பதே உசிதம்.

இனி, மூடி வைத்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் அதையடுத்து மூன்று நான்கு எழுத்துகளும் வருகின்றனவே, அந்தப் பின்னொட்டைப் பார்த்துத்தான் விண்டோஸ் ஒரு கோப்பை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கிறது. டாஸ் காலத்தில், பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும் என்ற கட்டுப்பாடு இருந்த நாளில், அது எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 95 வந்தபோது, பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும் என்றோ பாமரர் அதை அழித்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றோ கருதி, தனக்குத் தெரிந்த வகைகளின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதையே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இயல்பான ஏற்பாடாக்கிற்று. தீர்மானிக்கும் எழுத்துகளை யந்திரம் பார்க்கலாம், அதன் சொந்தக்காரர் பார்க்க வேண்டியதில்லை என்ற விபரீதமான நிலை இவ்வாறு உண்டாயிற்று.

அதன் பலன் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. மணிலாவிலிருந்து புறப்பட்டு, 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ' என்ற பெயருடைய ஓர் இணைப்போடு உலகெங்கும் பரவிய அந்த மின்னஞ்சலின் கோப்புப் பெயரில் முதலில் டிஎக்ஸ்டி என்றும், அதற்குப் பின் விபிஎஸ் என்றும் இரண்டு பின்னொட்டுகள் இருந்தன. கடைசியாக நின்ற விபிஎஸ், திறந்தவுடன் இயங்கத் தொடங்கும் கட்டளைத் தொகுதி என்பதைக் குறிப்பது. விண்டோஸ் தன் வழக்கப்படி அதை மறைத்துவிட்டதனால், பார்த்தவர்களின் கண்ணுக்கு வெறும் எழுத்துக் கோப்பு என்று பொருள்படும் டிஎக்ஸ்டி மட்டுமே தெரிந்தது. லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சல் அமைப்பை மூடிவைக்க நேர்ந்தது. அந்தக் கட்டளைத் தொகுதியை எழுதிய மாணவர்மீது வழக்கு நடத்தப் பிலிப்பைன்ஸில் அன்று ஒரு சட்டமும் இல்லை. ஜூன் மாதத்தில்தான் அவசரமாக ஒன்றை இயற்றினார்கள். சட்டத்தில் இருந்த ஓட்டையை அந்தத் தேசத்தார் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ள, 25 ஆண்டுகளுக்கு மேலாகியும் விண்டோஸ் இன்றும் பின்னொட்டை மறைத்த கோலத்திலேயே நம் கைக்கு வருகிறது என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இதை நாமே மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் 'வியூ' என்ற இடத்துக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்துகொண்டால் அன்றுமுதல் எல்லாக் கோப்புகளும் தம் முழுப் பெயரோடு நிற்கும். பில் என்றும் பிடிஎஃப் என்றும் சொல்லிக்கொண்டு கடைசியில் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு, இயங்கும் நிரல் என்பது அப்போது தெரிந்துவிடும். பக்கத்திலிருக்கும் சின்னப் படத்தை நம்ப வேண்டியதில்லை, ஏனெனில் இஎக்ஸ்இ கோப்பு தனக்கு வேண்டிய படத்தைத் தானே கொண்டுவரக் கூடியது, சிவப்பு நிறப் பிடிஎஃப் படத்தையும் அணிந்துகொண்டு வரலாம். இதையும் மிஞ்சிய தந்திரம் ஒன்று உண்டு: வலமிருந்து இடமாக எழுதும் அரபு, ஹீப்ரு மொழிகளின் சௌகரியத்துக்காக யூனிகோடில் வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் பெயரின் நடுவே செருகிவிட்டால், இஎக்ஸ்இ என்று முடியும் பெயர் திரையில் பிடிஎஃப் என்று முடிவதுபோலத் தோன்றும். ஆகவே பெயர் என்பது எவ்வளவு முழுமையாகத் தெரிந்தாலும் அனுப்பியவன் வைத்த பெயர்தான். கோப்பின் ஸ்வரூபத்தை அறியக் கோப்பையேதான் கேட்கவேண்டும்.

கேட்டால் அது சொல்லும் என்பதே இதில் எனக்கு மிகுந்த திருப்தியளிக்கும் விஷயம். சந்தேகத்துக்குரிய கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாமல், முதலில் நோட்பேடைத் திறந்துகொண்டு, அதன் 'ஓப்பன்' வழியாக, 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றி, அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேட் எதையும் இயக்குவதில்லை. கிடைத்த எண்களையெல்லாம் எழுத்தாக்கிக் காட்டுவது ஒன்றே அதன் தொழில். திரை முழுவதும் சதுரங்களும் கேள்விக்குறிகளும் புரியாத கோலங்களுமாக நிரம்பும். அவற்றைக் கண்டு மிரளாமல், இடது பக்கத்து மேல் மூலையில் முதல் சில எழுத்துகளை மட்டும் பாருங்கள். ஒரு விழுக்காட்டுக் குறியும் அதையடுத்துப் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் ஒன்று புள்ளி நான்கு என்பதைப் போன்ற ஓர் எண்ணும் இருந்தால் அது பிடிஎஃப். ஜிஐஎஃப் படம் தன் பெயரையே முதலில் எழுதிக்கொண்டு தொடங்கும். பிஎன்ஜி படத்தில் இரண்டாவது இடத்திலிருந்து அந்த மூன்று எழுத்தும் தெரியும். எம், இஸட் என்ற இரண்டு எழுத்துகள் நின்றால் அது விண்டோஸில் இயங்கும் நிரல். டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பொறியாளருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. அழைப்பிதழ் என்று வந்த கோப்பின் தலையில் எம், இஸட் இருக்குமானால் வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

பி, கே என்ற எழுத்துகளைக் கண்டால் அது ஜிப். 1989-இல் பிகேஜிப் என்ற மென்பொருளை வெளியிட்ட ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் முதலெழுத்துகள் அவை. தாம் வகுத்த வடிவத்தின் விவரங்களை யாரும் எடுத்தாளும்படி வெளியிட்ட அந்த மனிதர் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் 37-ஆவது வயதிலேயே காலமாகிவிட்டார். ஆயினும் இன்று நாம் எழுதும் டாக்எக்ஸ் ஆவணம் ஒவ்வொன்றும், எக்செல் கணக்கு ஒவ்வொன்றும், மேலே சொன்ன ஏபிகே பொதியுங்கூட அவருடைய இரண்டு எழுத்துகளைச் சுமந்துகொண்டுதான் தொடங்குகின்றன. ஆகையால் இங்கே முதல் இரண்டு எழுத்தோடு விசாரணையை முடித்துக்கொள்ள முடியாது. கோப்பின் நகல் ஒன்றுக்கு ஜிப் என்ற பின்னொட்டைக் கொடுத்து, கணினியில் உள்ளடக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால், வேர்ட் ஆவணத்தில் 'வேர்ட்' என்ற ஃபோல்டர் இருக்கும். ஏபிகேயில் 'கிளாசஸ்' என்று தொடங்கி டெக்ஸ் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். பெயரை நம்பாமல் உள்ளே பார்த்து வகை சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளையை யூனிக்ஸ் அமைப்பைச் செய்தவர்கள் 1973-லேயே உண்டாக்கி வைத்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த ஞானம் நம் வீட்டுக் கணினியின் முகப்புக்கு வந்துசேரவில்லை.

இந்தப் பரிசோதனை கோப்பின் வகையைச் சொல்லுமேயன்றி அதன் குணத்தைச் சொல்லாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேர்ட் ஆவணம் உண்மையாகவே வேர்ட் ஆவணமாக இருந்தும், 1999-இல் மெலிஸா என்ற வைரஸ் பரவியதுபோல, அதனுள் மேக்ரோ என்ற கட்டளைகள் ஒளிந்திருக்கக்கூடும். இணையத்திலிருந்து வந்த ஆவணங்களில் மேக்ரோக்களைத் தடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2022-இல்தான் இயல்பான ஏற்பாடாக்கியது. திறக்கும் மென்பொருளிலேயே பழுது இருப்பதும் உண்டு. ஏஸ் என்ற சுருக்க வடிவத்தை ஏறத்தாழ எல்லாரும் மறந்துவிட்ட பிறகும் அதைத் திறப்பதற்கான பழைய பகுதி வின்ரார் மென்பொருளுக்குள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 19 ஆண்டுகளாக அதிலிருந்த பிழை ஒன்று 2019-இல் வெளியானபோது, ஏஸ் கோப்புக்கு ரார் என்று பெயர் மாற்றி அனுப்பினால், அது விரிக்கப்படும்போது தன் சரக்கைக் கணினி தொடங்கும்போதெல்லாம் இயங்கும் ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும் என்று தெரிந்தது. வழக்கொழிந்த வடிவங்களில் வரும் கோப்புகளிடம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்பதும், மென்பொருள்களை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதனால்தான். ஜிப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அந்தக் கடவுச்சொல்லையும் அதே கடிதத்தில் எழுதி அனுப்புகிறவரைப் பற்றித் தாராளமாகச் சந்தேகிக்கலாம். பூட்டிய பொதிக்குள் வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க முடியாது என்பதே பெரும்பாலும் அந்தப் பூட்டின் நோக்கம்.

அறிமுகமில்லாத கோப்பெல்லாம் துஷ்டக் கோப்பு அல்ல. ஐஃபோனில் எடுத்த படங்கள் 2017 முதல் ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கப்படுவதால், பேரக்குழந்தையின் படத்தை மகள் அனுப்பியிருந்தும் திறக்கமுடியாமல் தவிக்கிற தாத்தாக்கள் பலர். இவர்களுக்கு அபாயம் கோப்பில் இல்லை. அதைத் திறக்க ஒரு கருவி தேடி இணையத்தில் இறங்குகிறார்களே, அங்கேதான் இருக்கிறது. எந்தக் கோப்பையும் இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்லிக்கொண்டு காத்திருக்கும் மென்பொருள்களில் பல, விளம்பரக் குப்பையையோ அதைவிடக் கொடியதையோ கணினியில் இறக்கிவிடுவன. அவர்கள் செய்யவேண்டியது மகளிடம், "இதையே ஜேபெக்காக அனுப்பு, அம்மா" என்று கேட்பது ஒன்றே. வீடியோ என்றால் விஎல்சி, ஆவணம் என்றால் லிப்ரே ஆஃபீஸ் என்ற இரண்டையும் அவற்றைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலான தேவைகள் நிறைவேறிவிடும். கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றி, பலவகைத் தடுப்பு மென்பொருள்களின் அபிப்பிராயத்தை ஒரே சமயத்தில் கேட்பதும் நல்ல உபாயமே. ஆனால் அங்கே ஏற்றிய கோப்பு பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள் பலவற்றின் பார்வைக்கும் போகுமாகையால், பட்டாவையும் மருத்துவ அறிக்கையையும் சம்பளப் பட்டியலையும் அங்கே ஏற்றலாகாது.

பெறுகிறவருடைய கடமையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னபின், அனுப்புகிறவருக்கும் ஒன்று சொல்லாமல் விடுவது தர்மமாகாது. பிடிஎஃப் 2008-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. ஓடிஎஃப் அதற்கும் முன்பாக 2006-இல் ஆயிற்று. மத்திய அரசு மின்னாளுகையில் திறந்த தரங்களைக் கையாள 2010-இல் ஒரு கொள்கையே வகுத்தது. இருந்தும், தங்களிடமுள்ள மென்பொருளில் மட்டும் திறக்கும் வடிவத்தில் சுற்றறிக்கையையும் படிவத்தையும் அனுப்பிவிட்டு, திறக்க முடியவில்லை என்று கேட்க வந்தவரை அலட்சியமாகப் பார்க்கும் உத்தியோகஸ்தர்கள் இன்றும் இருக்கிறார்கள். வங்கியோ அரசுத் துறையோ பள்ளிக்கூடமோ, தான் எந்தெந்த வடிவில் கோப்புகளை அனுப்பும், எந்த வடிவில் ஒருக்காலும் அனுப்பாது என்பதைத் தன் வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டவேண்டும். அந்த ஒரு பலகை, நூறு எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளைவிட அதிகப் பயன் தரும் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக, திறக்கமுடியாத கோப்புகளில் நமக்கே உரியவை, நம் வீட்டுப் பரணிலும் அச்சக அலமாரியிலும் கிடப்பவை இருக்கின்றன. யூனிகோட் பரவுமுன், தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் தமிழில் அச்சான புத்தகங்களில் மிகப் பெரும்பகுதி பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில், பாமினி முதலான எழுத்துருக்களில் கோக்கப்பட்டவை. ஆசிரியரின் சந்ததியார் ஒரு பழைய குறுந்தகட்டை எடுத்துப் போட்டால், பிஎம்டி என்றோ பி65 என்றோ முடியும் கோப்புகள் தென்படுகின்றன. எப்படியோ திறந்துவிட்டாலும், பாமினியில் கோத்த கோப்பில் தமிழ் என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. வைரஸ் தாக்கிவிட்டது என்று அஞ்சி அழித்துவிட இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அழிக்கவேண்டியதில்லை. தகட்டை முதலில் அப்படியே நகலெடுத்து மூலத்தைத் தனியே வைத்துவிட்டு, நகலை லிப்ரே ஆஃபீஸில் திறந்து பார்க்கலாம். பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கும் ஆற்றல் அதற்கு 2015 முதல் உண்டு. எழுத்துரு எது என்று தெரிந்துவிட்டால், சென்னையிலிருந்து வெளியான என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அந்த அரைப்புள்ளிகளையெல்லாம் தமிழாக்கித் தந்துவிடும்.

எழுத்துரு எது என்று தெரியாத இடத்தில்தான் வேலை நின்றுபோகிறது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் வழங்கியவை எத்தனையோ எழுத்துருக்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான எழுத்து வரிசை. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2002 முதல் ப்ரோனாம் என்ற பெயரில் உலகத்துக் கோப்பு வகைகளின் பதிவேடு ஒன்றை நடத்திவருகிறது. எந்தக் கோப்பு எந்த எழுத்துகளால் தொடங்கும், எந்த மென்பொருள் அதைத் திறக்கும் என்பதை யாரும் அதில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துருக்களுக்கும் பழைய தமிழ் மென்பொருள்களின் கோப்புகளுக்கும் அப்படி ஒரு பதிவேட்டைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஓர் அமைப்பு ஏற்று நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துருவின் பெயர், செய்தவர் பெயர், வழங்கிய காலம், எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை, மாதிரிக்கு ஒரு பக்கம், இவ்வளவு இருந்தால் போதும். அந்த எழுத்துருக்களில் இரவு பகலாக விசையழுத்திப் புத்தகங்களை உண்டாக்கிய டிடிபி தொழிலாளர்கள் சிவகாசியிலும் சென்னையிலும் மதுரையிலும் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். பதிவேட்டை இப்போதே தொடங்கினால் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.